டிவிடி டிரைவ் கம்ப்யூட்டர்ல காட்டவே மாட்டேங்குது, ட்ரே மட்டும் நல்லா திறக்குது

தாமரைஇலை:
எல்லாருக்கும் வணக்கம். டெஸ்க்டாப்ல இருக்கற டிவிடி ரைட்டர் திடீர்னு காணாம போச்சு. திஸ் பிசி-ல ஹார்ட் டிஸ்க் எல்லாம் வருது, டிவிடி ஐகான் மட்டும் இல்ல. பட்டனை அழுத்தினா ட்ரே வெளிய வருது, உள்ள போகுது, பச்சை லைட் கொஞ்ச நேரம் மின்னுது, அப்புறம் அணைஞ்சிடுது. டிரைவ் செத்துப்போச்சா உயிரோட இருக்கான்னே புரியல. விண்டோஸ் 10. அப்பாவோட எம்ஆர்ஐ ஸ்கேன் சிடி ஒண்ணு இருக்கு, வேற ஊர் டாக்டர் அந்த ஃபைல் எல்லாத்தையும் அனுப்பச் சொல்லியிருக்காரு, அதனால கொஞ்சம் அவசரம். டிரைவர் (டிரைவை ஓட்டற சாஃப்ட்வேர்) தேடி நெட்ல பார்த்தேன், ஒவ்வொரு சைட்டும் எதையாவது இன்ஸ்டால் பண்ணச் சொல்லுது, பயந்துட்டு விட்டுட்டேன். யாராவது வழி சொல்லுங்களேன்.

சுட்டிப்பையன்:
அக்கா இது ரொம்ப ஈஸி. ரெஜிஸ்ட்ரி எடிட்டர் (விண்டோஸோட உள் செட்டிங்ஸை மாத்தற இடம்) ஓபன் பண்ணி அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ்னு ரெண்டு இருக்கும், ரெண்டையும் டெலீட் பண்ணிட்டு ரீஸ்டார்ட் போடுங்க. எனக்கு அப்படித்தான் சரியாச்சு. 100% ஒர்க் ஆகும்.

பச்சைமிளகாய்:
2 நிமிஷத்துல ரெஜிஸ்ட்ரிக்கு போயாச்சா, சூப்பர். இன்னும் யாரும் விண்டோஸை ஃபார்மட் பண்ணச் சொல்லல, அதுவும் வந்துடும் பாருங்க.

ஸ்க்ரூடிரைவர்:
தாமரைஇலை, முதல்ல அந்த டிரைவர் சைட் எதையும் தொடாம விட்டீங்களே, அது நல்ல காரியம். சிடி டிவிடி டிரைவுக்கு தனியா டிரைவர்னு ஒண்ணு தேவையே இல்ல, விண்டோஸ்லயே இருக்கு. "உங்க டிவிடி டிரைவர் பழசாயிடுச்சு, அப்டேட் பண்ணுங்க"ன்னு எந்த சைட் சொன்னாலும் அது உங்ககிட்ட எதையோ விக்கப் பார்க்குதுன்னு வச்சுக்கோங்க.

சுட்டிப்பையன் தம்பி சொன்ன ரெஜிஸ்ட்ரி விஷயம் பொய் இல்ல, ஆனா அது எப்போ வேலை செய்யும்னா டிவைஸ் மேனேஜர்ல டிரைவோட பேர் இருந்து, பக்கத்துல மஞ்சள் முக்கோணம் நிக்கும்போதுதான். அதாவது விண்டோஸுக்கு டிரைவ் இருக்கறது தெரியும், ஆனா அதை ஓட்ட முடியல. உங்க கேஸ் அதுவான்னு இன்னும் நமக்கு தெரியாது. கம்ப்யூட்டருக்கே டிரைவ் தெரியலன்னா ரெஜிஸ்ட்ரியை நோண்டறது, கரண்ட் இல்லாத வீட்ல பல்பை மாத்தற மாதிரிதான்.

அதனால ரெண்டே ரெண்டு விஷயம் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. ஒண்ணு, ஸ்டார்ட் பட்டன் மேல ரைட் கிளிக் பண்ணி டிவைஸ் மேனேஜர் போங்க, அதுல டிவிடி/சிடி-ராம் டிரைவ்ஸ்னு ஒரு வரி இருக்கா இல்லையா. ரெண்டாவது, ரீஸ்டார்ட் பண்ணி ஸ்க்ரீன்ல கம்பெனி லோகோ வரும்போதே டெலீட் கீயோ எஃப்2 கீயோ தட்டிக்கிட்டே இருந்தா பயாஸ் (விண்டோஸ் ஏறறதுக்கு முன்னாடி வர்ற மதர்போர்டோட செட்டிங்ஸ் ஸ்க்ரீன்) வரும், அதுல சாட்டா போர்ட்களோட (ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ் கேபிள் சொருகற இடம்) லிஸ்ட் இருக்கும், எந்த போர்ட்ல என்ன காட்டுதுன்னு அப்படியே எழுதுங்க, ஃபோன்ல போட்டோ எடுத்துக்கிட்டா இன்னும் வசதி. பயாஸ்ல எதையும் மாத்த வேண்டாம், பார்த்துட்டு சேவ் பண்ணாம வெளிய வந்துடுங்க.

ஷட் டவுன் பண்ணி ஆன் பண்ணாதீங்க, ரீஸ்டார்ட்டே கொடுங்க. விண்டோஸ் 10-ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு இருக்கறதால ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுசா அணையறதில்ல, பழைய நிலைமையை டிஸ்க்ல சேவ் பண்ணி வச்சுக்கிட்டு அதையே திரும்ப எடுக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தாதான் எல்லாத்தையும் புதுசா தேடும்.

தாமரைஇலை:
ரொம்ப நன்றி அண்ணா. டிவைஸ் மேனேஜர்ல நீங்க சொன்ன வரியே இல்ல. டிஸ்க் டிரைவ்ஸ் இருக்கு, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் இருக்கு, நடுவுல டிவிடின்னு எதுவும் இல்ல. வியூ மெனுவுல ஷோ ஹிட்டன் டிவைசஸ் போட்டதும் மங்கலா டிவிடி பேர் ஒண்ணு வந்துச்சு.

லைட்டும் எரியுது ட்ரேயும் திறக்குதுன்னா ஒயர் எல்லாம் சரியாதானே இருக்கும்? பயாஸ் இன்னும் பார்க்கல, லோகோ வேகமா போயிடுது, மறுபடி ட்ரை பண்றேன்.

ஸ்க்ரூடிரைவர்:
அந்த மங்கலான பேர் எப்பவோ வேலை செஞ்சப்போ பதிஞ்சது. "முன்னாடி இருந்துச்சு, இப்போ இல்ல"ன்னு அர்த்தம். அப்போ ரெஜிஸ்ட்ரி ஃபில்டரை மறந்துடலாம்.

ட்ரே பத்தி கேட்டீங்க, இது நிறைய பேர் ஏமாறற இடம். ட்ரே திறக்கறதையும் மூடறதையும் டிரைவ் தானாவே பண்ணும், கம்ப்யூட்டரோட பேசவே வேண்டாம். டேட்டா கேபிளை முழுசா கழட்டி வச்சுட்டு பவர் கேபிளை மட்டும் விட்டாலும் பட்டனை அழுத்தினா ட்ரே வரும், லைட் மின்னும், டிஸ்க் போட்டா சுத்தக்கூட செய்யும். அதனால ட்ரே திறக்குதுன்னா பவர் வருதுன்னு மட்டும்தான் சொல்ல முடியும். டேட்டா கேபிள், அது போய் குத்தற போர்ட், டிரைவுக்குள்ள இருக்கற போர்டு, இதுல எது வேணா பழுதா இருக்கலாம்.

தூசிதட்டி:
குறுக்க வர்றேன். பயாஸ் பார்க்கறதுக்குள்ள கேபிளையும் ஒரு தடவை பார்த்துடுங்க. பவர் பிளக்கை சுவர்ல இருந்து பிடுங்கிட்டு, கேபினட்டோட உலோகத்தை ஒரு தடவை தொட்டுட்டு, பக்கவாட்டு மூடியை கழட்டுங்க. டிரைவோட பின்னாடி ரெண்டு கேபிள் இருக்கும், அகலமா இருக்கறது பவர், 15 பின். சின்னது டேட்டா, 7 பின். ரெண்டுக்கும் உள்ள எல் வடிவத்துல ஒரு வளைவு இருக்கும், அதனால தப்பா சொருக முடியாது, ஆனா பாதி வெளிய நிக்கலாம். சில கேபிள்ல உலோக கிளிப் இருக்கும், அதை அமுக்கிட்டுதான் இழுக்கணும், இல்லன்னா அந்த பிளாஸ்டிக் நாக்கு உடைஞ்சு போயிடும். எனக்கு தெரிஞ்சு பாதி கேஸ் கேபிளை ஒரு தடவை கழட்டி அழுத்தி மாட்டினாலே முடிஞ்சிடும்.

பழையவயர்:
நீங்கள்லாம் பாக்கியசாலிங்க. எங்க காலத்துல சாட்டாவுக்கு முன்னாடி இருந்த ஐடிஇ, 40 பின் பட்டை கேபிள், டிரைவ் பின்னாடி குட்டி ஜம்பர், மாஸ்டர் ஸ்லேவ் கேபிள் செலக்ட்னு மூணு இடம். ஒரே கேபிள்ல ரெண்டு டிரைவையும் மாஸ்டர்னு வச்சுட்டா ரெண்டுமே காணாம போகும். நகத்தால அந்த ஜம்பரை பிடுங்கி கீழ விட்டு, கார்பெட்ல தேடி… சரி விடுங்க, இப்போ யாருக்கும் தேவையில்ல.

லேப்டாப்காரன்:
எனக்கும் இதே பிரச்சனை!! யுஎஸ்பி-ல மாட்டற வெளி டிவிடி ரைட்டர் வாங்கினேன். மாட்டினா டிங்னு சத்தம் வருது, ஐகான் வருது, டிஸ்க் போட்டா சுத்த ஆரம்பிச்சு டிக் டிக் டிக்னு கேட்டு மறுபடி டிங்னு சத்தம் வந்து ஐகான் போயிடுது. அப்புறம் மறுபடி வருது. மறுபடி போகுது. பீஸ் டிஃபெக்ட்டா? ரிட்டர்ன் போட்டுடவா?

பச்சைமிளகாய்:
"இதே பிரச்சனை"ன்னு வந்து முழுசா வேற பிரச்சனை சொல்றது இந்த தளத்தோட பாரம்பரியம்.

ஸ்க்ரூடிரைவர்:
லேப்டாப்காரன், தனி இழை போட்டிருக்கலாம், பரவாயில்ல. எதுல மாட்டியிருக்கீங்க? நேரா லேப்டாப்லயா, இல்ல நாலு ஓட்டை இருக்கற யுஎஸ்பி ஹப்லயா?

லேப்டாப்காரன்:
ஹப்புல பாஸ். அதுலயே மவுஸ், ஒரு ஹார்ட் டிஸ்க், கீபோர்டு எல்லாம் இருக்கு.

ஸ்க்ரூடிரைவர்:
ரிட்டர்ன் போடாதீங்க, டிரைவுக்கு கரண்ட் பத்தல. யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் தரணும்னு கணக்கு, யுஎஸ்பி 3.0 போர்ட் 900. ஒல்லியான டிவிடி ரைட்டர் சும்மா இருக்கும்போது கொஞ்சம்தான் இழுக்கும், ஆனா டிஸ்க்கை சுத்த வைக்கிற அந்த முதல் சில நொடியில 1 ஆம்பியருக்கு மேல கூட கேட்கும். உங்க ஹப் லேப்டாப்ல இருந்து வாங்கற கரண்ட்டையே எல்லாருக்கும் பங்கு போடுது. டிரைவ் கேட்கும்போது கிடைக்கல, அது ரீசெட் ஆகி விழுது, எழுந்து வந்து மறுபடி முயற்சி பண்ணுது. நீங்க கேட்ட டிக் டிக் அதுதான்.

நேரா லேப்டாப்போட நீல கலர் போர்ட்ல மாட்டிப் பாருங்க. அதுலயும் விழுந்தா ரெண்டு தலை இருக்கற ஒய் கேபிள் வாங்குங்க, ஒரு தலை டேட்டாவுக்கு, இன்னொண்ணு கரண்ட்டுக்கு மட்டும். இல்லன்னா தனி அடாப்டர் வச்ச ஹப். டெஸ்க்டாப் வச்சிருக்கறவங்க முன்பக்க போர்ட்டை விட்டுட்டு பின்னாடி மதர்போர்டோட ஒட்டியிருக்கற போர்ட்ல மாட்டுங்க, முன்பக்கத்துக்கு உள்ள நீளமா ஒரு ஒயர் போகும், அதுலயும் கொஞ்சம் விழும்.

தூசிதட்டி:
இன்னொண்ணு, கேபிள் தனியா கழட்டற மாதிரி இருந்தா டப்பாவுல வந்த கேபிளையே போடுங்க. ஃபோன் சார்ஜ் பண்ற சில கேபிள்ல டேட்டா ஒயரே இருக்காது. லைட் எரியும், ட்ரே திறக்கும், கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒண்ணும் தெரியாது. மேல தாமரைஇலைக்கு சொன்ன கதைதான் இதுவும்.

லேப்டாப்காரன்:
நேரா மாட்டினேன். ஓடுது!!! ஹப்பை தூக்கி போட்டுட்டேன். தேங்க்ஸ் பாஸ். ஆனா டிவிடி படம் டபுள் கிளிக் பண்ணா ஓட மாட்டேங்குது, ஃபைல் மட்டும் தெரியுது, அதுவும் டிரைவ் பிரச்சனையா?

பச்சைமிளகாய்:
இல்ல. டிவிடி படம் ஓட்டற வசதியை 2012-ல விண்டோஸ் 8 வந்தப்போவே சாதாரண விண்டோஸ்ல இருந்து எடுத்துட்டாங்க. விஎல்சி பிளேயர் போடுங்க, ஓடும். ஹப்பை தூக்கி போடாதீங்க, மவுஸுக்கு அது போதும்.

தாமரைஇலை:
மன்னிக்கணும், வேலையில இருந்தேன். கேபிள் ரெண்டையும் கழட்டி மாட்டினேன், வீட்ல இருந்த வேற டேட்டா கேபிளும் போட்டு பார்த்தேன், ஒண்ணும் மாறல. பயாஸ் வந்துச்சு, ஸ்க்ரீன்ல இருக்கறது இதுதான்:

சாட்டா 1 – ஹார்ட் டிஸ்க் 1 டிபி
சாட்டா 2 – எம்ட்டி
சாட்டா 3 – எம்ட்டி
சாட்டா 4 – எம்ட்டி
சாட்டா 5 – எம்ட்டி
சாட்டா 6 – எம்ட்டி
எம்.2 – எஸ்எஸ்டி 500 ஜிபி

டிவிடி கேபிள் 5-னு போட்டிருக்கற இடத்துலதான் சொருகியிருக்கு. அப்போ டிரைவ் போச்சுன்னு அர்த்தமா?

சுட்டிப்பையன்:
அக்கா பயாஸ்ல சாட்டா மோடுன்னு (டிரைவ்ங்களோட பேசற முறை) இருக்கும், ஏஹெச்சிஐ-னு இருந்தா ஐடிஇ-னு மாத்துங்க, பழைய டிரைவுக்கு அது வேணும்.

ஸ்க்ரூடிரைவர்:
வேண்டாம் வேண்டாம் வேண்டாம். தாமரைஇலை, அதை தொடாதீங்க. ஓடிக்கிட்டு இருக்கற விண்டோஸுக்கு அடியில அந்த மோடை மாத்தினா அடுத்த தடவை நீல ஸ்க்ரீன்ல இனாக்சஸிபிள் பூட் டிவைஸ்னு வந்து நிக்கும், டிவிடி பிரச்சனை போய் கம்ப்யூட்டரே ஏறாத பிரச்சனை ஆகும். திரும்ப பழையபடி மாத்தினா ஏறிடும்தான், ஆனா எதுக்கு அந்த பயம். சாட்டா டிவிடி டிரைவ் ஏஹெச்சிஐ-ல நல்லாவே ஓடும்.

சரி, நீங்க எழுதின லிஸ்ட்ல கடைசி வரியைப் பாருங்க. எம்.2 எஸ்எஸ்டி. அது எப்போ வந்துச்சு?

தாமரைஇலை:
அது தம்பி லீவுக்கு வந்திருந்தப்போ கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்குன்னு மாட்டிட்டு போனது. விண்டோஸை அப்படியே அதுக்கு காப்பி பண்ணிட்டான். பட்டையா குட்டியா இருக்கும், மதர்போர்டுலயே படுத்த மாதிரி ஒரு ஸ்க்ரூ போட்டு வச்சிருக்கான். அதுக்கும் டிவிடிக்கும் என்ன சம்பந்தம், ரெண்டும் வேற வேற இடத்துல இருக்கே?

தூசிதட்டி:
ஆஹா. கதை இப்போதான் ஆரம்பிக்குது.

ஸ்க்ரூடிரைவர்:
சம்பந்தம் இருக்குங்க. மதர்போர்டுல சிப்செட்னு ஒண்ணு இருக்கு, அதுல இருந்து வெளிய போற வேகமான பாதைங்க எண்ணி வச்ச மாதிரி கொஞ்சம்தான் இருக்கும். போர்டு தயாரிக்கறவங்க ஆறு சாட்டா போர்ட்டும் வைக்கணும், எம்.2 ஸ்லாட்டும் வைக்கணும், எல்லாத்துக்கும் தனித்தனியா பாதை கொடுக்க முடியாது. அதனால சில பாதையை ரெண்டு இடத்துக்கும் பொதுவா இழுத்து வச்சிருப்பாங்க. எம்.2-ல எதுவும் இல்லாத வரைக்கும் அந்த பாதை சாட்டா போர்ட்டுக்கு. எம்.2-ல எஸ்எஸ்டி மாட்டின அடுத்த நொடி அந்த பாதை அங்க போயிடும், சாட்டா போர்ட் ஒண்ணோ ரெண்டோ வெறும் ஓட்டையா நிக்கும். ஸ்க்ரீன்ல எந்த எச்சரிக்கையும் வராது, பயாஸ் எம்ட்டின்னு காட்டும், அவ்ளோதான்.

எந்த போர்ட் போகும்ங்கறது போர்டுக்கு போர்டு மாறும். சில போர்டுல சாட்டா வகை எம்.2 போட்டா மட்டும் போகும், என்விஎம்இ வகை (இன்னும் வேகமான எம்.2) போட்டா போகாது. சிலதுல எது போட்டாலும் போகும். ரெண்டு எம்.2 ஸ்லாட் இருந்தா ஒண்ணு பங்கு போடும், இன்னொண்ணு போடாது. மதர்போர்டு மேனுவல்ல எம்.2 பக்கத்துல அட்டவணைக்கு கீழ பொடி எழுத்துல எழுதியிருப்பாங்க, அதை படிச்சவங்க உலகத்துல ரொம்ப கம்மி. மேனுவல் இல்லன்னா போர்டு மேல அச்சடிச்சிருக்கற மாடல் பேரை தேடினா தயாரிச்ச கம்பெனியோட சைட்லயே பிடிஎஃப் கிடைக்கும்.

ஆனா உங்களுக்கு மேனுவல் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். 2, 3, 4 எல்லாம் காலி. கம்ப்யூட்டரை அணைச்சு, பிளக்கை பிடுங்கி, டிவிடியோட டேட்டா கேபிளை 5-ல இருந்து எடுத்து 2-ல சொருகுங்க. ஹார்ட் டிஸ்க் இருக்கற 1-ஐ தொடாதீங்க. அப்புறம் நேரா பயாஸ் போய் பாருங்க.

பெங்குயின்பிரியன்:
அதுலயும் வரலன்னா ஒரு லினக்ஸ் லைவ் பென்டிரைவ் போட்டு பூட் பண்ணுங்க, இன்ஸ்டால் பண்ண வேண்டாம், ட்ரை மோடு போதும். டெர்மினல்ல எல்எஸ்பிஎல்கே அடிச்சா எஸ்ஆர்0-னு ஒரு வரி வந்தா டிரைவ் நல்லா இருக்கு, பிரச்சனை விண்டோஸ்ல. வரலன்னா வன்பொருள் பக்கம் தேடணும். எந்த பக்கம் தேடறதுன்னு அஞ்சே நிமிஷத்துல முடிவாகிடும்.

தாமரைஇலை:
வந்துடுச்சுஊஊ!!! 2-ல மாட்டினதும் பயாஸ்ல டிவிடி ரைட்டர்னு பேரோட வருது, விண்டோஸ் உள்ள வந்ததும் ஐகான் இருக்கு. தம்பிக்கு ஃபோன் போட்டு சொன்னேன், "அதெல்லாம் எப்பவுமே அப்படித்தான்"ங்கறான், அவனுக்கு முன்னாடியே தெரிஞ்ச மாதிரி.

பச்சைமிளகாய்:
தம்பிங்க எல்லாம் ஒரே அச்சுல வார்த்தது.

அரைகுறை:
சார் நான் இந்த இழையை ஆரம்பத்துல இருந்து படிச்சுட்டு வர்றேன். எனக்கு பயாஸ்ல டிரைவ் வருது. டிவைஸ் மேனேஜர்லயும் வருது, ஆனா மஞ்சள் முக்கோணம், ப்ராப்பர்ட்டீஸ்ல கோட் 19-னு போட்டிருக்கு. எனக்கு சுட்டிப்பையன் சொன்னது பொருந்துமா? பழைய சிடி பர்னிங் சாஃப்ட்வேர் ஒண்ணை அன்இன்ஸ்டால் பண்ணதுல இருந்துதான் இப்படி.

ஸ்க்ரூடிரைவர்:
கச்சிதமா பொருந்தும். சுட்டிப்பையன் தம்பி, உன் மருந்துக்கு நோயாளி வந்துட்டாரு.

கோட் 19-னா ரெஜிஸ்ட்ரில இந்த டிவைஸுக்கான தகவல் கெட்டிருக்குன்னு அர்த்தம். கோட் 39, 31, 32-க்கும் இதே வைத்தியம் நிறைய தடவை பலிக்கும். பர்னிங் சாஃப்ட்வேர், விர்ச்சுவல் டிரைவ் சாஃப்ட்வேர் மாதிரி சிலது விண்டோஸுக்கும் டிரைவுக்கும் நடுவுல ஒரு ஃபில்டரை செருகி வைக்கும். அன்இன்ஸ்டால் பண்ணும்போது தன் ஃபைலை எடுத்துட்டு போகும், ஆனா ரெஜிஸ்ட்ரில பேரை விட்டுட்டு போயிடும். விண்டோஸ் அந்த பேரைப் பார்த்து ஃபைலை தேடி, கிடைக்காம, டிரைவையே நிறுத்தி வச்சிடும்.

ரெஜிஸ்ட்ரி எடிட்டர்ல ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கண்ட்ரோல் செட், கண்ட்ரோல், கிளாஸ்னு வரிசையா உள்ள போங்க. அங்க நீளமான நம்பர் பேர்ல நூத்துக்கணக்கான ஃபோல்டர் இருக்கும். உங்களுக்கு வேண்டியது 4டி36ஈ965-னு ஆரம்பிக்கறது. கிளிக் பண்ணா வலது பக்கம் கிளாஸ்ங்கற வரிக்கு நேரா சிடிராம்னு இருக்கணும். இருந்தா மட்டும் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் ரெண்டுல எது இருக்கோ அதை அழிங்க, ரெண்டும் இருக்கணும்னு அவசியம் இல்ல. அழிக்கறதுக்கு முன்னாடி அந்த ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணி எக்ஸ்போர்ட் கொடுத்து டெஸ்க்டாப்ல வச்சுக்கோங்க.

இப்போ முக்கியமான விஷயம், சுட்டிப்பையன் ஏன் இதை எழுதாம விட்டான்னு எனக்கு கொஞ்சம் கோபம். இதே அப்பர்ஃபில்டர்ஸ்ங்கற பேர் பக்கத்து ஃபோல்டர்லயும் இருக்கும். 4டி36ஈ967 ஹார்ட் டிஸ்க்கோடது, அதுல பார்ட்எம்ஜிஆர்-னு இருக்கும், அதை அழிச்சா விண்டோஸ் ஏறாம போகும். 4டி36ஈ96பி கீபோர்டோடது, அதுல கேபிடிகிளாஸ்னு இருக்கும், அழிச்சா கீபோர்டு செத்துடும், லாகின் பாஸ்வேர்டு அடிக்க முடியாது. 96எஃப் மவுஸோடது. சர்ச் பாக்ஸ்ல அப்பர்ஃபில்டர்ஸ்னு தேடி வர்றதை எல்லாம் அழிக்கறவங்க இருக்காங்க, நான் பார்த்திருக்கேன், அதுக்கப்புறம் ரிப்பேருக்கு வர்றது டிவிடி டிரைவ் இல்ல.

அரைகுறை:
ஐயோ சார் நான் இப்போ 967-ல தான் நின்னுக்கிட்டு இருக்கேன். பார்ட்எம்ஜிஆர்-னு போட்டிருக்கு.

பச்சைமிளகாய்:
கையை மவுஸ்ல இருந்து எடுங்க. மெதுவா. ரெண்டு ஃபோல்டர் மேல போங்க.

அரைகுறை:
965 கிடைச்சுடுச்சு, கிளாஸ் சிடிராம்னு இருக்கு. லோயர்ஃபில்டர்ஸ் மட்டும்தான் இருந்துச்சு. எக்ஸ்போர்ட் பண்ணிட்டு அழிச்சு ரீஸ்டார்ட் போட்டேன். மஞ்சள் போச்சு, டிரைவ் ஓடுது. உயிர் திரும்பி வந்துச்சு சார்.

சுட்டிப்பையன்:
ஸாரி அண்ணா, அந்த 967 விஷயம் எனக்கு தெரியாது. நான் ஒரு வீடியோ பார்த்து பண்ணது.

தாமரைஇலை:
மறுபடி நான்தான். டிரைவ் வருது, ஆனா ஸ்கேன் சிடி போட்டா கொஞ்ச நேரம் சுத்திட்டு "டிஸ்க்கை செருகவும்"னு சொல்லுது. ஒரு பழைய படத்தோட டிவிடி போட்டேன், உடனே திறக்குது. அப்போ சிடி கெட்டுப்போச்சா? அது ஒண்ணுதான் இருக்கு.

ஸ்க்ரூடிரைவர்:
அவசரப்பட்டு சிடியை குறை சொல்ல வேண்டாம். டிவிடி படிச்சு சிடி படிக்காம இருக்கறது ரொம்ப சாதாரணம், ஏன்னா ரெண்டுக்கும் ஒரே லேசர் இல்ல. டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், சிடிக்கு 780 நானோமீட்டர், அது கண்ணுக்கு தெரியாத அகச்சிவப்பு. ஒண்ணு வலுவிழந்தாலும் இன்னொண்ணு பாட்டுக்கு ஓடும். அதுலயும் ஸ்கேன் சென்டர்ல கொடுக்கறது சிடி-ஆர், அதாவது சாயத்துல எரிச்சு எழுதினது. கடையில விக்கிற அச்சு போட்ட பாட்டு சிடியை விட இது மங்கலாத்தான் ஒளியை திருப்பி அனுப்பும், லென்ஸ்ல லேசா தூசி இருந்தாலே டிரைவ் கைவிட்டுடும்.

அதனால வீட்ல அச்சு போட்ட பாட்டு சிடி எதாவது இருந்தா போட்டு பாருங்க. அதுவும் படிக்கலன்னா சிடி லேசரோ லென்ஸோ. அது படிச்சு ஸ்கேன் சிடி மட்டும் படிக்கலன்னா டிஸ்க் பக்கம் பார்க்கணும்.

தூசிதட்டி:
டிஸ்க்கை துடைக்கறப்போ வட்டமா துடைக்காதீங்க, நடு ஓட்டையில இருந்து விளிம்பு நோக்கி நேரா இழுங்க. டேட்டா வட்டமா எழுதியிருக்கும், வட்டமா கீறல் விழுந்தா ஒரே இடத்துல நீளமா போயிடும், குறுக்கா விழுந்தா அங்கங்க கொஞ்சம்தான் போகும், அதை டிரைவே சரிபண்ணிக்கும். அடிப்பக்கத்தை மட்டும் பார்க்காம மேல லேபிள் பக்கமும் பாருங்க, சிடில டேட்டா இருக்கறது லேபிளுக்கு அடியிலதான், பேனா வச்சு அழுத்தி பேஷன்ட் பேர் எழுதியிருந்தா அங்க போயிருக்கும். அடிப்பக்கம் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல், மேல வெறும் ஒரு பூச்சு.

தாமரைஇலை:
பாட்டு சிடி திக்கித் திக்கி வருது, பாட்டு பேர் எல்லாம் வர்றதுக்கே ரொம்ப நேரம் ஆச்சு. ஸ்கேன் சிடியை வெளிச்சத்துல பிடிச்சு பார்த்தேன், ரெண்டு பக்கமும் கீறல் எதுவும் இல்ல.

ஸ்க்ரூடிரைவர்:
அப்போ டிரைவோட சிடி பக்கம்தான் மந்தம். லென்ஸை துடைச்சா சரியாக வாய்ப்பு இருக்கு. லேப்டாப் டிரைவ்னா ட்ரேயோடவே லென்ஸ் வெளிய வரும், பஞ்சுல ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு தொட்டு இறகு மாதிரி தடவலாம். டெஸ்க்டாப் டிரைவ்ல லென்ஸ் உள்ளயே இருக்கும், நாலு ஸ்க்ரூ கழட்டி தகடை தூக்கினாதான் கைக்கு எட்டும். லென்ஸ் மெல்லிய கம்பியில தொங்கற மாதிரி நிக்கும், அழுத்தினா முடிஞ்சுது.

உங்களுக்கு அவசரம்ங்கறதால நான் சொல்றது, இந்த ஒரு சிடிக்காக அதை பிரிக்க வேண்டாம். வேற யார்கிட்டயாவது வேலை செய்யற டிரைவ் இருந்தா அதுல போட்டு முழு டிஸ்க்கையும் பென்டிரைவுக்கு காப்பி பண்ணிக்கோங்க. ஸ்கேன் சென்டர்லயும் கேளுங்க, பொதுவா அவங்க சிஸ்டம்ல பழைய படங்களை வச்சிருப்பாங்க, வேற சிடியோ பென்டிரைவ்லயோ போட்டு கொடுப்பாங்க. டிரைவை அப்புறம் நிதானமா பிரிச்சுக்கலாம்.

பெங்குயின்பிரியன்:
வேற டிரைவ்லயும் பாதியில நின்னா லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூன்னு ஒண்ணு இருக்கு. சாதாரண காப்பி ஒரு இடத்துல மாட்டினா அப்படியே நின்னுடும், இது அந்த இடத்தை தாண்டி நல்லா படிக்கற பகுதியை எல்லாம் முதல்ல எடுத்துட்டு, அப்புறம் திரும்பி வந்து மிச்சத்தை சுரண்டும். எது மிச்சம்னு தனி ஃபைல்ல குறிச்சு வச்சுக்கும், அதனால அதே வேலையை வேற டிரைவ்ல மாட்டி தொடரலாம்.

தாமரைஇலை:
ஆபீஸ்ல ஒரு பழைய லேப்டாப் இருந்துச்சு, அதுல போட்டதும் திறந்துடுச்சு, ஒரு எரரும் வரல. எல்லாத்தையும் பென்டிரைவ்ல காப்பி பண்ணிட்டேன். ஆனா உள்ள ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள நூத்துக்கணக்கான ஃபைல், ஒண்ணுக்கும் பேர் முடிவுல ஜேபெக் மாதிரி எதுவும் இல்ல, வெறும் நம்பர். டிஐசிஓஎம்-டிஐஆர்-னு ஒரு ஃபைல், ஒரு வியூவர் சாஃப்ட்வேர். இதுல டாக்டருக்கு எதை அனுப்பறது? வியூவர்ல திறந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பட்டுமா?

தூசிதட்டி:
ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம். அது டைகாம் ஃபைல், மருத்துவப் படங்களுக்கான ஃபார்மட். டாக்டர் அதுல வெளிச்சத்தை கூட்டிக் குறைச்சு, அளவு எடுத்து, ஒவ்வொரு துண்டா தள்ளிப் பார்ப்பாரு, ஸ்க்ரீன்ஷாட்ல அது எதுவும் முடியாது. அந்த டிஐஆர் ஃபைல்தான் எந்த படம் எந்த வரிசைன்னு சொல்ற அட்டவணை, அதனால ஃபைல் பேரையோ ஃபோல்டர் பேரையோ மாத்தாம டிஸ்க்ல எப்படி இருக்கோ அப்படியே மொத்தத்தையும் ஒரே ஜிப்பா போட்டு அனுப்புங்க. மெயில்ல அட்டாச் ஆகாது, பெருசா இருக்கும், கூகுள் டிரைவ் மாதிரி எதுலயாவது ஏத்தி லிங்க்கா அனுப்புங்க. ஒவ்வொரு ஃபைலுக்குள்ளயும் அப்பா பேர், பிறந்த தேதி எல்லாம் இருக்கும், அதனால லிங்க்கை எல்லாரும் திறக்கற மாதிரி விடாம டாக்டர் மெயிலுக்கு மட்டும் அனுமதி கொடுங்க.

தாமரைஇலை:
அனுப்பிட்டேன், அவருக்கு எல்லா படமும் வரிசையா திறக்குதாம். எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. டிவிடி டிரைவை இந்த வாரக் கடைசியில பிரிக்கப் போறேன், ஸ்க்ரூடிரைவர் அண்ணா, பிரிச்சதும் போட்டோ போடறேன், எதை தொடலாம் எதை தொடக்கூடாதுன்னு அப்போ சொல்லுங்க.

ஸ்க்ரூடிரைவர்:
போடுங்க. அடிப்பக்க தகடை கழட்டறதுக்கு முன்னாடி ட்ரேயை திறந்து முன்பக்க பிளாஸ்டிக்கை எடுக்கணும், அதனால டிரைவை கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டறதுக்கு முன்னாடியே பட்டனை அழுத்தி ட்ரேயை வெளிய கொண்டு வந்துடுங்க. மறந்துட்டா முன்னாடி குண்டூசி ஓட்டை ஒண்ணு இருக்கும், பேப்பர் கிளிப்பை நிமித்தி உள்ள தள்ளினா ட்ரே கொஞ்சம் வெளிய வரும், மிச்சத்தை கையால இழுத்துக்கலாம். பவர் இல்லாதப்போ மட்டும்.